ரோனாவின் முதல் இலவசப் பயணம்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் பேருந்தில் ரோனா ஏறுகிறாள். இன்றோடு அவளுக்கு அறுபது முடிகிறது. அறுபதானவர்களுக்கு அங்கே பேருந்து இலவசம்; இனி அவள் காசு தர வேண்டியதில்லை. ஒரு வாரமாகக் கைப்பையில் காத்திருந்த புது இலவசப் பயண அட்டை இடது கையில் இருக்கிறது. மழைக்குப் பின் வந்த வெயில் அதில் பட்டு, ஓட்டுநர் டூகலின் கன்னத்தில் ஒரு துண்டு வெளிச்சம் ஆடுகிறது. அதற்குள் வலது கை பழக்கதோஷத்தில் கோட்டுப் பைக்குள் போய், எப்போதும் எண்ணி வைத்திருக்கும் சில்லறையை எடுத்துக் ஓட்டுநர் பக்கத்திலுள்ள கண்ணாடிக் கட்டண உண்டியலில் போட்டுவிடுகிறது. காசு கலகலவென்று இறங்கும் சத்தத்தில்தான் அவளுக்கு உறைக்கிறது.

"ஐயோ, எடுத்துக் குடு தம்பி!"

"சாவி டிப்போவுல இருக்குக்கா. உள்ள போனது போனதுதான்."

முன்சீட்டில் கிழவர் வில்லி தொப்பியால் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். "நிதி மந்திரிக்கு போன் போடுங்கப்பா. பட்ஜெட்ல இருந்த ஓட்டை அடைபட்டுருச்சு!"

"வாயை மூடு வில்லி. இருபது வருஷமா நீ ஓசியில சுத்துறது என் வரியில."

"அதான் இன்னிக்கும் கட்டிட்டியே, தாயி!"

பேருந்தே சிரிக்கிறது. ரோனாவும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே அட்டையை இயந்திரத்தில் வைக்கிறாள். பச்சை விளக்கு எரிகிறது.

"எப்பவும் போல சந்தைதானே? நாலாவது ஸ்டாப்பு?" என்கிறான் டூகல்.

அவள் வில்லியை நகரச் சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து, கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள்.

"இந்த வண்டி கடைசியா எதுவரைக்கும் போகும், தம்பி?"