அறுபது ரூபாய்ப் பிடித்தம்

"படிக்கிற பொண்ணு சம்பளத்துல கை வெக்க எப்டி சார் மனசு வந்திச்சு?"

மாமல்லபுரம் சாலையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவே திரும்பிப் பார்த்தது. திருவிடந்தை சொர்ணம், மீன் விற்ற காலிக் கூடையை ஒரு கையாலேயே இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"உட்காருங்கம்மா" என்றார் கணக்கர் கோதண்டராமன்.

"உக்கார வரல. எம்பொண்ணு அனு பகல்ல நர்ஸிங் காலேஜ், சாயங்காலம் உங்க வார்டு. கூட வேலை செய்ற சுவேதாவுக்கு ஒரு பைசா புடிக்கல. படிக்கிற புள்ளைங்களுக்குப் பிடித்தமே கெடையாதாமே! இவளுக்கு மட்டும் மாசாமாசம் இ.எஸ்.ஐ.னு அறுபது ரூபா. மீன் விக்கிறவ பொண்ணுன்னா இளக்காரமா?"

"சுவேதாவை மாணவின்னு எழுதியிருக்கும்மா. அனுவை ஊழியர்னு எழுதியிருக்கேன்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க? அறுபது ரூபாய்க்கு நான் எத்தினி வூட்டு வாசல்ல நிக்கணும் தெரியுமா? பெருமாள் கேக்காம விடமாட்டாரு!"

"நிர்வாகமும் உங்களை மாதிரிதான் திட்டிச்சு. ஊழியர்னா அவங்களும் பங்கு கட்டணும். எல்லாரும் மாணவியாவே இருக்கட்டும்னாங்க."

"அந்த இரக்கம் உனுக்கு இல்லியே சார்!"

கோதண்டராமன் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "அனு இதுல கையெழுத்துப் போட்டா, அடுத்த மாசத்திலிருந்து பிடித்தம் இருக்காது."

ஆளனுப்பியதும் அனு சீருடையோடு ஓடி வந்தாள்.

"போடுடி கையெழுத்து!"

அனு பேனாவைத் தொடவில்லை. "சார், அது வந்துடுச்சா?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அனு அதை அம்மா முன்னால் நீட்டினாள்.

"என் பேருக்குக் கீழ உன் பேரும்மா. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில உனக்கும் வைத்தியம் இலவசம். மாணவின்னா இது கிடைக்காது. நான்தான் சாரைக் கெஞ்சி ஊழியர்னு எழுத வெச்சேன்."

"எனக்கு இன்னாடி கேடு? கல்லாட்டம் கீறேன்!"

அனு குரலைத் தாழ்த்தினாள். "செலவுக்குப் பயந்து மூணு மாசமா அக்குள் கட்டியை மறைச்சிகினு கீற. நல்லாத்தான் கீறேன்னா, அந்தக் கூடையை ரெண்டு கையாலயும் தலைக்குத் தூக்கு, பார்ப்போம்."

சொர்ணம் கூடையைத் தூக்கவில்லை. மேசையில் கிடந்த படிவத்தைத்தான் வலது கையால் மெல்ல கோதண்டராமன் பக்கம் தள்ளினாள்.