பரிசம் போட்ட பாறை

விலை விழுந்துவிடுமோ என்ற பயத்தில், இன்னும் தோண்டாத தங்கத்தை அன்றைய விலைக்கே ஒரு பாங்குக்கு விற்றுவைத்தவர் சுரங்க மேனேஜர் தேவசகாயம். தை பிறந்ததும் கட்டியாகக் கொடுத்தாக வேண்டும். விலையோ விழவில்லை, ஏறிக்கொண்டே போனது. அந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள், போன வாரம் பாறைக்குள் ஓடிய தங்க ரேகை சட்டென்று அறுந்துபோனது. அதற்கப்புறம் துளைத்த இடமெல்லாம் வெறுங்கல். விஷயம் அவருக்கும் துளை போடும் மரியானுக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்று பாங்கு ஆள் நாச்சியப்பன் ரோஜா மாலையும் சந்தனக் கிண்ணமுமாகச் சுரங்கத்துக்குள் இறங்கி வந்துவிட்டார்.

"பரிசம் போட்டாச்சு. பொண்ணைக் கண்ணுல காட்டுங்க சார்."

தேவசகாயம் எதிரே இருந்த சுவரைக் காட்டினார். நாச்சியப்பன் மாலையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஈரப் பாறைக்குச் சந்தனம் பூசி, கன்னத்தை அதில் வைத்துக்கொண்டார்.

"சிரிக்கிறா சார்" என்றார். பிறகு மரியானிடம் திரும்பினார். "ஒரு துளை போட்டுப் பொடி கொஞ்சம் மடிச்சுக் கொடுப்பா. பாங்குல சோதிச்சுப் பார்க்கச் சொன்னாங்க."

மரியான் மெஷினைத் தூக்கிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தான்.

"எங்க சார் போடட்டும்?"

தேவசகாயத்தின் இரண்டு கையிலும் மாலை இருந்தது.