சுவர் படம்

"கைவிட்ட ரயில் டனல்னு தலைப்புக் கொடுத்தா, சுவரைப் படம் புடிச்சிட்டு வந்திருக்கீங்க." கணபதி புகைப்பட மன்றச் செயலாளர் கிருபாசங்கர், மதிவதனியின் படத்தை மேசைமேல் வீசினார்.

"போட்டிக்கு வெச்சுக்கோங்க சார்."

"குப்பைக்கு வேணா வெச்சுக்கறேன் அம்மணி. அங்க மாட்டியிருக்கற என் படத்தைப் பாருங்க. நம்ம மலையடிவாரத்து டனல். போன ஞாயித்துக்கிழமை அரை கிலோமீட்டர் உள்ள நடந்து போயி எடுத்தது. தலைக்கு மேல வவ்வாலு, முழங்கால் வரைக்கும் சேறு. லேத் பட்டறைல நிக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

சுற்றியிருந்த உறுப்பினர்கள் சிரித்தார்கள்.

மதிவதனி அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தாள். "எந்த வாசல் வழியா உள்ள போனீங்க சார்?"

"கெழக்கு வாசல்தான். மேக்கால மண்ணு சரிஞ்சு மூடி எத்தனையோ வருசமாச்சு. அதுகூடத் தெரியாதா?"

"தெரியுமுங்க. நானும் அதே ஞாயித்துக்கிழமை போயிருந்தேன்."

மேசையில் கிடந்த தன் படத்தை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தாள்.

"இது அந்தக் கெழக்கு வாசலை அடைச்சுக் கட்டின சுவருங்க. ஓரத்துல கொத்தனார் ஈர சிமெண்டுல தேதி கீறியிருக்காரு, பாருங்க. மூணு வருசமாச்சு."