சாவி தொலையும் ஞாயிறு

மோட்டார் சைக்கிள் சாவியைக் காணவில்லை.

மணி எட்டு. எட்டரைக்கு ஈஸ்டர் ஆராதனை. தொடங்கியதும் முதல் பாட்டைத் தனியாகப் பாட வேண்டியவள் கம்சாயினி. பத்து வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து, தலையில் வெள்ளை ரிபன் எல்லாம் போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தாள்.

அவளுடைய அப்பா உதயரூபன் சோபாவைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

சோபாவுக்குள்ளிருந்து மூன்று பென்சில், ஒரு பால்பல், போன வருசம் தொலைந்த ரிமோட் எல்லாம் உயிர்த்தெழுந்தன. சாவி மட்டும் எழவில்லை.

வாரம் முழுக்க இதே ஓட்டம்தான்.

திங்கள் முதல் பின்னேரங்களில் மகளுக்குப் பாட்டுப் பழக்கம். செவ்வாய் மகன் டிலுக்சனுக்குத் தவணைப் பரீட்சை. புதன், தையல்காரி சட்டையைச் சின்னதாகத் தைத்துவிட்டு, பிள்ளைதான் வளர்ந்துவிட்டது என்றாள். வியாழன், ஞாயிறு பள்ளிக்கு நிறம் பூசிய முட்டை வேண்டுமென்றான் டிலுக்சன். உதயரூபன் அவித்து, பீட்ரூட் சாற்றில் ஊறவைத்துக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை அதை டிலுக்சனே தின்றான். பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போனபோது, வாசலில் பை சோதிக்கும் பொலிஸ்காரர் அவனுடைய சிவந்த வாயையும் ஒருதரம் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

இதற்கிடையில் உதயரூபனுக்கு உத்தியோகமும் இருந்தது. விவசாயப் போதனாசிரியர். கரடியனாற்றுப் பக்கத்து வயல்வட்டைகளில் இறங்கி நின்று, நெல்லைத் தின்னும் பூச்சி அத்தனைக்கும் பெயர் சொல்லுவான். பெண்பிள்ளைக்கு இரட்டைப் பின்னல் போடத்தான் இத்தனை வருசமாகியும் கை பழகவில்லை. ஒன்று மேலே நிற்கும். மற்றது கீழே நிற்கும்.

அந்த வாரம் இயேசுவுக்கும் வேலை கூடத்தான். ஆனால் சொக்ஸ் துவைக்கிற வேலை அவருக்கு இருக்கவில்லை.

"ஓட்டோ புடிப்பமா, புள்ள?"

"ஓட்டோ வேணா" என்றாள் கம்சாயினி, கேட்டு முடிக்கும் முன்பே.

அவன் வற்புறுத்தவில்லை.

இந்த வீட்டில் ஈஸ்டர் காலையில் சாவி தொலைவது புதிதில்லை. வருசா வருசம் தொலைகிறது. பிரசங்கம் பாதி ஓடியபின் ஒரு மனிதன் இரண்டு பிள்ளைகளோடு பின்கதவால் நுழைந்தால், அது உதயரூபன் என்று சபை முழுக்கத் தெரியும். பாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

முதல் தடவை சாவி உண்மையாகவே தொலைந்தது. மூன்று வயதுக் கம்சாயினி எடுத்து எங்கோ போட்டுவிட்டாள். அவளை ஏசினான். ஓர் அடியும் போட்டான். மனைவி தனுஷியா ஞாயிறு பள்ளி ரீச்சர், பிந்த முடியாது. கைக்குழந்தை டிலுக்சனை அவன் தோளில் கிடத்திவிட்டு, சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வாருங்கள், நான் முன்னால் போகிறேன் என்று சொல்லி ஓட்டோவில் ஏறினாள்.

சாவி அகப்பட்டபோது ஒன்பது மணி. மோட்டார் சைக்கிளை வாசலுக்கு உருட்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. வாவிக்கரையில் நின்றவர்கள் ட்ரான்ஸ்போமர் வெடித்ததென்றார்கள். சபையில் வெடித்த குண்டென்று பிறகுதான் தெரிந்தது.

தனுஷியா திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஈஸ்டர்களில் சாவியைத் தொலைத்தது உதயரூபன்தான். சனிக்கிழமை பின்னேரம் ஒளித்து வைப்பான். ஞாயிறு காலை வீடு முழுக்கத் தேடுவான். ஒன்பதரை தாண்டியதும் கண்டுபிடிப்பான். கொரோனா வருசத்தில் சபையே பூட்டிக் கிடந்தது. அப்போதும் ஒளித்தான். பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. படித்த மனிதன் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய காரியமும் இல்லை.

இந்த முறை முதல் பாட்டு. அப்பா நேரத்துக்குக் கூட்டிப் போவேன் என்று திங்கட்கிழமையே மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருந்தான். நேற்றுப் பின்னேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றான். பிறகு எல்லாரும் காணும்படி கதவோரத்து ஆணியில் கொழுவினான்.

இப்போது ஆணி மட்டும் இருக்கிறது.

எட்டு இருபத்தைந்துக்குப் பாட்டு ரீச்சர் போனில் கோல் எடுத்தார். வேறொரு பிள்ளையைப் பாட விடட்டுமா என்று கேட்டார். கம்சாயினி ஓம் என்று தலையாட்டினாள். அழவில்லை. டிலுக்சன் தன் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து, தான் எடுக்கவில்லை என்று காட்டியபடி வீட்டைச் சுற்றி வந்தான். பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

உதயரூபன் அலுமாரிக்கடியில் கவிழ்ந்து படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினான். போட்டிருந்த வெள்ளைச் சேர்ட் தரைத்தூசியைக் கூட்டி அள்ளியது. துழாவிய கை நின்றது. அவன் எழும்பவில்லை.

"இந்த முறை அப்பா ஒளிக்கல்ல, புள்ள" என்றான் தரையைப் பார்த்து. "சத்தியமா ஒளிக்கல்ல."

கம்சாயினி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதரை தாண்டி இரண்டு நிமிடம்.

கதிரையில் இருந்தபடியே குனிந்து வலதுகால் சப்பாத்தைக் கழற்றினாள். சொக்ஸையும் கழற்றினாள். சாவி வெளியே வந்தது. உள்ளங்காலில் அதன் பற்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"தெரியும்ப்பா" என்றாள். "நீங்க மறந்துபோய் ஆணியில கொழுவிட்டீங்க. அதான் நான் எடுத்து ஒளிச்சன்."

கணக்குச் செய்து முடித்துக் கொப்பியை நீட்டிவிட்டு, 'சரி' போடுவார்களா என்று பார்த்து நிற்கும் பிள்ளைபோல, சாவியை நீட்டியபடி ஒற்றைச் சப்பாத்தோடு நின்றாள்.