அக்கரை மனிதன்

ஜீப் வந்து சேருமுன் தம்பியை அழித்துவிட வேண்டும். ஞானமலர் வெள்ளையும் நீலமும் குழைத்து அவன் முகத்தில் பூசினாள்.

படத்தில்தான். சித்திர ரீச்சரான அவள், துறைமுகத்தோரம் இடிந்து கிடந்த பண்டசாலையை வரைவதாகச் சொல்லி, இராணுவத்தின் சுற்றிவளைப்பில் தப்பி அங்கே ஒளிந்திருந்த தம்பி பற்றிக்குக்குச் சோறு கொண்டுவந்தாள். இருட்டியதும் சல்லிக் கிராமத்துக் கரையில் அவனுக்காக வள்ளம் காத்திருக்கும்.

"போறதுக்கு முன்னம் என்னையும் கீறு அக்கா. அம்மாட்டக் குடு" என்று, சுவர் உடைப்பின் நடுவே போய் நின்றான். விரலளவு உருவம்தான். ஆனால் முகம் முதல் சட்டைப் பொத்தான்வரை பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள்.

இப்போது அவன் அதே சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். படத்தில் ஒரு மெல்லிய பூச்சுக்குத்தான் நேரம் கிடைத்தது.

அதிகாரி இறங்கி வந்தார். அவர் தமிழில் ஊர்க்காரனின் இழுவை இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இதார் ரீச்சர், பேயோ? வெளிறிப்போய் நிக்குது."

"அக்கரையில நிண்ட ஆரோ, சேர்."

"சுவருக்குள்ள நிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு?"

"உடைப்புக்குள்ளால அக்கரை தெரியுதெல்லோ. தூரத்தில இருக்கிறதெல்லாம் புகார் பனி மாதிரி மூடி நீலமா வெளிறித்தான் தெரியும். கிட்டக் கிடக்கிற சுவரைப் பாருங்கோ, என்ன கறுப்பு!"

அதிகாரி சுவரையும், தண்ணீருக்கு அப்பால் மங்கிக் கிடந்த கரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அக்கரையைக் காட்டி ஏதோ உத்தரவிட்டார். சிப்பாய்கள் படகுக்கு ஓடினார்கள். எஞ்சின் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஞானமலர் மூச்சை விட்டாள்.

"நானும் சின்னனில கீறினனான் ரீச்சர். இந்தக் கை எனக்கு வரேல்லை."

"பழகினால் வரும், சேர்."

சிரித்தபடி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படத்தின் மேல் குனிந்து, சுவரின் வெடிப்புகளையும் கடலையும் நிதானமாக ரசித்துக்கொண்டே போனார். அந்த வெளிறிய மனிதனிடம் வந்ததும் நின்றார்.

சிரிப்பு போய்விட்டது. மெல்ல நிமிர்ந்தார். கை இடுப்புக்குப் போனது. சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"தூரத்தில நிண்டவன்ர சேட்டுப் பொத்தான் உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது, ரீச்சர்?"