மாவு வாளி

மலையிடுக்கில் மூன்று நாளாக ஆற்றில் போகிறோம். குளிரில் இட்லி மாவு புளிக்கவேயில்லை. சமையல் பொறுப்பிலிருந்த இருதயராஜ் அண்ணன், படகோடு கட்டியிருந்த மாவு வாளியை அவிழ்த்து, வெயில் படட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வளைவிலேயே எங்கள் ரப்பர் படகு கவிழ்ந்தது. ஆறு பேரும் எப்படியோ திரும்ப ஏறிவிட்டோம். வாளி மட்டும் தூரத்துச் சுழலில் சுற்றிக்கொண்டிருந்தது. துரத்திப் போனோம், சுழல் எங்களையும் சேர்த்துச் சுற்றியது. வாளி கிட்டே வந்தபோது அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"மூடி உப்பியிருக்கு! பொங்கிருச்சுய்யா!"

எல்லோரும் துடுப்பை உயர்த்திக் கூவினோம்.

"முதல்ல அதைப் பிடிங்க!" என்று கத்தினாள் வழிகாட்டி எஸ்தர்.

அதற்குள் வாளி எங்களைக் கடந்திருந்தது. அது அடுத்த சுற்று வருவதற்குள், சட்னியா சாம்பாரா என்று படகில் சண்டை தொடங்கிவிட்டது.