ஆகஸ்ட்ல வராதீங்க

"லீவு கிடைச்சிட்டு நஃபீஸத்! ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி மேலப்பாளையத்துல இருப்பேன்" என்று ஜித்தாவிலிருந்து அழைத்துச் சொன்னான் அவள் கணவன் யஹ்யா.

"ஆகஸ்ட்ல வராதீங்க மச்சான்."

மூன்று வருடமாக அவள் முகத்தை நேரில் பார்க்காதவன் பதறினான். "ஏன், என்னைப் பார்க்கப் பிடிக்கலையா? வேற ஏதும் ஏற்பாடு வச்சிருக்கியா?"

"ஆமா, வச்சிருக்கேன்."

"அப்போ சரி, போனை வைக்கேன்" என்றான் அவன்.

"கோவப்படாதீங்க. ரெண்டாந்தேதி சூரிய கிரகணம். இங்கன ஓரத்துல கொஞ்சம்தான் மறையும். ஜித்தாவுல முழுசா மறைஞ்சு பகலே இருட்டிரும். இதைப் பார்க்க எத்தனை வருஷமாக் காத்துக் கிடக்கேன்! விசா வந்துட்டு. நான் அங்கன வாரேன்."

யஹ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கிறுக்கி! நீ வாங்கி வச்சிருக்கிற அவ்வளவு பெரிய டெலஸ்கோப்பை ஏர்போர்ட்லேருந்து யாரு தூக்குவா?"

"அதுக்குத்தானே உங்களை வராதீங்கன்னு சொல்லுதேன்!"